நாடகத்துக்கு வாசித்தால் கை கெட்டுவிடுமா?

கேள்வி: பல வருடங்களாக மேற்கத்திய முறையில் பியானோ கற்கிறேன். இப்போது ஒரு நாடகக் குழுவுக்கு வாசிக்கிறேன், பாட்டுகளுக்கு மெட்டும் போடுகிறேன். "கச்சேரி மேடைக்குப் போக வேண்டிய கை நாடகத்தில் கெட்டுப்போகிறது" என்கிறார் ஆசிரியர். மடகாஸ்கரின் ரத்தியானரிவோவும் நாடகத்துக்கு இசையமைத்தவர்தானே என்றேன். "அவரை யாருக்குத் தெரியும்?" என்று வாயை அடைத்துவிட்டார். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அன்புள்ள தம்பி,

யாருக்குத் தெரியும் என்பது எந்த ஊரில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆண்ட்ரியானரி ரத்தியானரிவோ (1895–1949) வளர்ந்து வாழ்ந்தது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில். அப்போது தலைநகர் அண்டனானரிவோவின் இஸோத்ரி நகராட்சி அரங்கில் மலகாசி, அதாவது மடகாஸ்கர் நாட்டு, இசைநாடகங்கள் நடந்தன. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவார்கள். பெரும்பாலும் பெண்குரல்தான் முன்னே நிற்கும். துணைக்குப் பியானோ. அந்தப் பாணிக்குக் கலோனி ஃபஹினி என்று பெயர். அதன் இசையமைப்பாளர்கள் என்றால் அவர் பெயரும் நாகா ரபேமனன்ட்சோவாவின் (1892–1952) பெயரும் வராமல் இருக்காது.

ஆனால் ஆசிரியரிடம் புகழைப் பற்றி வாதாடாதீர்கள், விரல்களைப் பற்றிப் பேசுங்கள். வலிஹா என்பது மூங்கில் குழாயைச் சுற்றி நீளவாக்கில் தந்திகள் கட்டிய மலகாசிக் கருவி. அடுத்தடுத்த ஸ்வரங்கள் இரு பக்கமும் மாறி மாறி இருப்பதால், ஒரே மெட்டை இரண்டு கைகளும் பங்கிட்டு மீட்ட வேண்டும். மலகாசிப் பியானோ வாசிப்பு இதிலிருந்துதான் பிறந்தது. வலது கை மெட்டு, இடது கை துணை என்ற பாடப்புத்தகக் கணக்கு அங்கே செல்லாது. பாடுபவரின் மூச்சுக்கும் இடம்விட்டு அப்படி வாசிக்க, தேர்வுக்காக ஒரே சொனாட்டாவை மாதக்கணக்கில் தேய்ப்பதைவிடக் கூர்மையான காது வேண்டும். (இதற்காக உங்கள் ஆசிரியர் என்னைத் திட்டினால் திட்டட்டும்.)

அதற்காக வகுப்பை விட்டுவிட வேண்டாம். உங்கள் கையைப் பழக்கியவர் அவர். அடுத்த நாடகத்துக்கு முன்வரிசை டிக்கெட் ஒன்றை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. குழு உங்களுக்குப் பணம் தருகிறதா? கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். நோட்டீஸில் 'இசை' என்று உங்கள் பெயர் வரட்டும். நட்புக்காக வாசிப்பது முதல் நாடகத்தோடு போதும்.

மெட்டுகளை எழுதியும் வையுங்கள். 1950, 60களில் காலம் மாற, கலோனி ஃபஹினிக்கு மவுசு குறைந்தது.  உங்கள் குழுவோ அடுத்த வருடம் இருக்குமா என்பதே தெரியாது. இதுவரை போட்ட மெட்டுகளை நடிகர்கள் மறப்பதற்குள் ஒரு நாள் உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.