விசிறி வாங்குமுன் ஆணியைப் பாருங்கள்

கேள்வி: தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். ஒன்றரை வருடமாகக் குக் சுல் வொன் என்ற கொரியத் தற்காப்புக் கலை கற்கிறேன். அடுத்த மாதம் விசிறிப் பயிற்சி தொடங்குகிறது. "சொந்தமாக ஒரு விசிறி வாங்கிக்கொண்டு வா" என்று மட்டும் ஆசிரியர் சொன்னார். இணையத்தில் 5,000 வோனுக்கும் கிடைக்கிறது, இரண்டு லட்சம் வோனுக்கும் கிடைக்கிறது. இங்கே பழைய கொரிய வீடுகள் நிறைந்த ஹானோக் கிராமத்துக் கடைகளில் ஏறி இறங்கியும் ஒன்றும் பிடிபடவில்லை. எதை வாங்குவது?

பதில்: கடைக்குப் போகுமுன் ஆசிரியரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள். முதல் சில மாதங்கள் தனியாக நின்று விரித்து மடக்கும் வரிசைகளா, அல்லது எதிரே ஆளை நிறுத்தி, மடக்கிய விசிறியால் மணிக்கட்டில் தட்டிக் கையை முறுக்கிப் பிடிப்பதா? வித்தை ஒன்றுதான், ஆனால் வாங்க வேண்டிய பொருள் வேறு. மடக்கிய விசிறி ஒரு குட்டைத் தடி. 'தன்போங்' என்கிற குறுந்தடியில் செய்வதில் பெரும்பகுதியை அதிலும் செய்யலாம். விரித்துவிட்டால் எதிராளியின் கண்ணை மறைக்கும் திரை.

தனி வரிசைதான் என்றால் யோசிக்கவே வேண்டாம். தாய்சி என்ற சீனக் கலை பழகுபவர்கள் வைத்திருக்கும், துணி ஒட்டிய மூங்கில் விசிறி போதும். மடக்கினால் சுமார் 33 செ.மீ. இருக்கும். சீனச் சரக்கு என்று முகம் சுளிக்காதீர்கள். பழக்கமில்லாத கை ஒரு நாளைக்கு நூறு தடவை சடார் சடாரென்று உதறும்போது காகிதம் மடிப்பிலேயே கிழியும், துணி தாங்கும். இறகு வைத்த நடன விசிறியை மட்டும் தொடாதீர்கள். அது மேடையில் பூவாக விரிவதற்கென்றே செய்தது.

சத்தத்தைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். 'டப்' என்ற அந்த ஓசை பெரும்பாலும் துணியின் விறைப்பில் வருவது. விசிறியின் உயிர் அடியில் குச்சிகளைக் கோத்திருக்கும் ஆணியில் இருக்கிறது. ஓரத்துப் பட்டைகள் இரண்டையும் பிடித்து மெல்ல எதிரெதிராக அசைத்துப் பாருங்கள். ஆணி லொடலொடத்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஆணியின் இரு தலைகளையும் விரலால் தடவுங்கள், பிசிறு இருந்தால் உள்ளங்கையைக் கீறும். நான் பழகத் தொடங்கியபோது ஒரு கடையில் படத்தின் அழகைப் பார்த்து வாங்கினேன். மூன்றாவது வகுப்பில் உதறிய வேகத்தில் ஆணி கழன்று, ஒரு குச்சி கூடப் பழகுபவரின் புருவத்தில் போய் விழுந்தது. கண்ணுக்கு ஒரு விரல் மேலே. அன்றிலிருந்து நான் படத்தைப் பார்த்து விசிறி வாங்குவதில்லை.

ஆள் வைத்துப் பழகுவதென்றால் ஓரத்துப் பட்டைகள் கெட்டியான மரத்திலோ தடித்த மூங்கிலிலோ இருக்க வேண்டும். அடி விழுவது அவற்றின் மேல்தான்.

இனி அந்த இரண்டு லட்சம் வோன் விசிறி. அது அநேகமாக ஹாப்ஜுக்சொன். நீங்கள் இருப்பது அதன் சொந்த ஊரில். சொசொன் அரசர்கள் காலத்தில் ஜொல்லா மாகாண ஆளுநர் அலுவலகம் ஜொன்ஜுவில் இருந்தது, அதன் கீழ் விசிறி செய்வதற்கென்றே ஒரு பட்டறையும் இருந்தது. சந்திரமானக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் தானோ பண்டிகைக்கு இங்கிருந்து அரசருக்கு விசிறி போகும், அரசர் அதை அதிகாரிகளுக்குக் கொடுப்பார். விசிறிக் கைவினையைத் தேசிய மரபாக அறிவித்து, முதல் கலைஞராக ஜொன்ஜுவின் கிம் தொங்-ஷிக்கை 2015-ல் அங்கீகரித்தார்கள்.

பெயரிலேயே செய்முறை இருக்கிறது: 'ஹாப்' என்றால் சேர்ப்பது, 'ஜுக்' மூங்கில், 'சொன்' விசிறி. மூங்கிலின் வெளித்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, இரண்டு சீவல்களை முதுகோடு முதுகாக மீன் பசையால் ஒட்டிக் குச்சி செய்கிறார்கள். மேலே ஹான்ஜி என்ற கொரியப் பாரம்பரியக் காகிதம். அசலைக் கண்டுபிடிக்க இது ஒன்றே போதும். ஒரு குச்சியை வெளிச்சத்தில் திருப்புங்கள். இரண்டு பக்கமும் தோலின் பளபளப்பு இருந்து, விளிம்பில் ஒட்டிய கோடு மயிரிழையாகத் தெரிந்தால் ஹாப்ஜுக்சொன். ஒரு பக்கம் பளபளத்து, மறுபக்கம் நார் நாராக இருந்தால் ஒற்றை மூங்கில், அதற்கு அந்த விலை அநியாயம். குச்சியில் சிறு வௌவால் உருவங்கள் இருந்தால் நகத்தால் தடவுங்கள். சூட்டுக்கோலால் இழைத்தது லேசாகப் பள்ளமாக இருக்கும், அச்சடித்தது வழவழவென்று போகும்.

கதையைப் பாட்டாகச் சொல்லும் பான்சோரிப் பாடகர்கள் மேடையில் இதைத்தான் பட்டென்று விரிக்கிறார்கள், மடக்குகிறார்கள். ஆகவே விரிப்பதற்குத் தாங்கும். மணிக்கட்டில் தட்டுவதற்கு அதைக் கொண்டுபோனால் மனசு பதறும். ஒரு வருடம் பழகிக் கை படிந்த பிறகு வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கினால், பொருள் வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், திருப்பும் கூலி உங்களுடையது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக இருந்தால், பொருள் வந்து 3 மாதத்துக்குள், அது தெரியவந்த 30 நாளுக்குள் திருப்பலாம், கூலி விற்றவருடையது. பிரித்து விரித்துப் பார்ப்பதில் தவறில்லை, வகுப்புக்குக் கொண்டுபோய் வியர்வை பட்டுவிட்டால் பேச முடியாது. 'பிடிக்கவில்லை' என்பதற்காக நேரில் வாங்கிய கடைக்காரர் திருப்பி எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் கடையில் நின்று நிதானமாகப் பாருங்கள். தகராறு முற்றினால் 1372 என்ற எண் நுகர்வோர் ஆலோசனைக்கு.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கம். எந்த விசிறியை விரித்தாலும் தலைகீழாகத் தெரிகிறது. என் கையில் கோளாறா?

பதில்: கை சரிதான், விசிறிதான் வலக்கைக்காரருடையது. துணி ஒட்டிய பக்கம்தான் விசிறியின் முகம். வலக்கையில் உதறினால் முகம் எதிரே இருப்பவரைப் பார்க்கும். அதையே இடக்கையில் உதறினால் குச்சிப் பக்கம் வெளியே வரும். தாய்சிச் சாமான் விற்பவர்களிடம் இடக்கை விசிறி தனியாக உண்டு, வாங்கும்போதே சொல்லிக் கேளுங்கள். இரட்டை விசிறி வரிசை பழகுபவர்களும் வலம் ஒன்று, இடம் ஒன்றாக ஜோடி வாங்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிட்டு விழிப்பவர்கள் அதிகம்.

கேள்வி: 'கொரிய அரண்மனைக் காவலர்களின் ரகசிய ஆயுதம்' என்று ஓர் இரும்பு விசிறி 60,000 வோனுக்கு விற்கிறார்கள். ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலை பழகும் நான் வாங்கலாமா?

பதில்: அந்த வாசகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அரசர் ஜொங்ஜோ காலத்தில் 1790-ல் தொகுத்த போர்க்கலை நூலான 'முயே தோபோ தொங்ஜி'யில் 24 வித்தைகள் இருக்கின்றன. ஈட்டி, வாள், தடி, வெறுங்கை, குதிரைமேல் சண்டை எல்லாம் உண்டு, விசிறி இல்லை. இன்று விசிறி கற்றுத்தரும் குக் சுல் வொன், ஹ்வாராங்தோ போன்ற அமைப்புகள் இப்போதைய வடிவத்துக்கு வந்தது 1950-களின் இறுதியிலும் 1960-களிலும்தான். வித்தை நல்ல வித்தை. 'அரண்மனை ரகசியம்' விற்பவர் சேர்த்தது.

பொருளாகப் பார்த்தாலும் தொடக்கத்தில் இரும்பு வேண்டாம். கனம் மணிக்கட்டை வாட்டும். பழைய காலுறை ஒன்றை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள், நூல் சிக்கினால் விரலும் சிக்கும். இரும்பா, சாயம் பூசிய அலுமினியமா என்று காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். துருப்பிடிக்காத எஃகில் சில வகையிலும் காந்தம் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. எத்தனை கிராம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். ஊருக்கு எடுத்துவந்தால் விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். சோதனை மேசையில் நின்று அது வெறும் விசிறிதான் என்று நிரூபிப்பதற்குள் விமானம் போய்விடும்.