பேச்சு வராத மகன், எட்டாத தெரபி: வடசென்னையில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். இன்னும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிஸ்கட் கவர் பிரிக்கும் சத்தத்துக்கு மட்டும் ஓடி வருகிறான். பக்கத்து கிளினிக் டாக்டர் ஆட்டிசமாக இருக்கலாம் என்று சொல்லி, தென்சென்னையில் ஒரு தனியார் மையத்துக்கு எழுதிக் கொடுத்தார். கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. போய்வர அரை நாள் ஆகிறது. நாங்கள் திருவொற்றியூர், கணவருக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால்தான் அரசு மருத்துவமனையில் தெரபி தருவார்கள் என்கிறார்களே, உண்மையா? எங்கே போவது?

பதில்: இல்லை, தெரபிக்குச் சான்றிதழ் வேண்டாம். பேச்சுப் பயிற்சியோ ஆக்குபேஷனல் தெரபியோ (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) தொடங்க ஓ.பி. சீட்டும் டாக்டரின் பரிந்துரையும் போதும். சான்றிதழ் பணச் சலுகைகளுக்கும் உதவித்தொகைக்கும் உரியது. அந்த வேலை தனியாக ஓடட்டும். ஒன்று முடிந்து மற்றது என்று காத்திருப்பதில்தான் பல குடும்பங்களுக்கு ஒரு வருடம் கரைகிறது.

முதல் பரிசோதனை காது. பிஸ்கட் கவர் சத்தத்துக்கு வருகிறானே, காது நன்றாகத்தானே கேட்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சில ஒலிகள் கேட்டு, பேச்சுக்கு வேண்டிய ஒலிகள் கேட்காமல் போகலாம். ஓ.ஏ.இ., பெரா என்ற சோதனைகளில் இது தெரிந்துவிடும். பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். முந்தைய இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள். பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டு அங்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். தூங்குவதற்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்றால் எத்தனை மணியிலிருந்து சாப்பாடு கூடாது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். மெட்ரோவில் வந்து வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரம்தான். காலை ஓ.பி.யில் குழந்தைகள் பிரிவுக்குச் சீட்டு போட்டு, அங்கிருந்து காது மூக்கு தொண்டைப் பிரிவு, மனநலப் பிரிவு, உடலியக்க மருத்துவப் பிரிவு மூன்றுக்கும் பரிந்துரை கேளுங்கள். மூன்றும் ஒரே நாளில் முடியாது. எந்தப் பிரிவில் எந்தக் கிழமை குழந்தைகளைப் பார்க்கிறார்கள் என்பதை ஓ.பி. நோட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கூட்டமான ஓ.பி.யில் டாக்டர் உங்கள் மகனைப் பார்ப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் அவன் அழலாம், அல்லது அதிசயமாகச் சமர்த்தாக உட்காரலாம். அதனால் வீட்டில் இருக்கும்போதே கைப்பேசியில் இரண்டிரண்டு நிமிடத்துக்கு நாலைந்து வீடியோ எடுத்துவையுங்கள்: பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, மற்ற பிள்ளைகளுடன் இருக்கும்போது, சாப்பிடும்போது, அடம்பிடிக்கும்போது. எந்த மாதத்தில் உட்கார்ந்தான், நடந்தான், ஏதாவது சொல் வந்து பிறகு நின்றுபோனதா என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். வந்த சொல் நின்றுபோனது முக்கியமான தகவல், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க இணையத்தில் கிடைக்கும் எம்-சாட் கேள்வித்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். அதில் மதிப்பெண் போட்டுப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

இன்னொரு வழி எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. அங்கே பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கான மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், தெரபிஸ்டுகள் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக அமைத்த ஏற்பாடு அது. சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். உங்கள் தெரு அங்கன்வாடியில் மகனைச் சேர்த்துவிட்டால், 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கே வரும்போது பார்த்து இந்த மையத்துக்கே எழுதிக் கொடுப்பார்கள். அக்குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறைதான் வரும். அதற்காகக் காத்திருக்காமல் நீங்களே நேராகப் போகலாம்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் குழந்தைகளைப் பார்க்கிறார்கள். சென்னையில் அந்த ஊர்ப் பெயரையே கேலிக்குப் பழக்கிவிட்டதால் பலர் அங்கே போகத் தயங்குகிறார்கள். பெரம்பூர், அயனாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் அருகில். மற்ற எந்த ஓ.பி.யையும் போலத்தான்.

இனி, எந்த இடத்தில் தெரபியைத் தொடர்வது? வடசென்னைக் குடும்பங்களுக்கு இதுதான் உண்மையான சிக்கல். பெயர்பெற்ற மையங்கள் பெரும்பாலும் தெற்கே இருக்கின்றன. முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் சிறப்பானது. ஆனால் திருவொற்றியூரிலிருந்து வாரம் மூன்று முறை நகரத்தின் மறு எல்லைக்குப் போய்வந்தால் இரண்டு மாதத்தில் குடும்பமே களைத்துப் போகும். நடுவில் நின்றுபோன தெரபியால் பயன் குறைவு. எனவே தூரத்து நிறுவனத்தை முழு மதிப்பீட்டுக்கும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுப் பயிற்சித் திட்டம் எழுதி வாங்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வாராந்தரத் தெரபிக்கு ஒரே பஸ்ஸில் அல்லது மெட்ரோவில் போகக்கூடிய இடம் போதும். தி.நகரில் உள்ள மதுரம் நாராயணன் மையம் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தாயையோ தந்தையையோ உடன் வைத்தே பயிற்சி தருகிறது. தினமும் போக முடிகிறவர்களுக்கு நல்ல வழி. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் தொடங்கப்பட்டு வருகின்றன. உங்களுக்கு அருகில் இருப்பது எது என்று 1800 425 0111 என்ற மாற்றுத்திறனாளிகள் கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

அருகில் தனியார் மையம் கிடைத்தால் பணம் கட்டும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர், மருத்துவ உளவியலாளர் மூவரும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் கேட்பது தவறில்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தக் கழகத்தின் கீழ் வருவதில்லை, அவரிடம் பட்டத்தைக் கேளுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன இலக்கு என்று எழுதித் தருகிறார்களா? ‘கேட்பதைக் கை நீட்டிக் காட்டுவான்’ என்பது இலக்கு. ‘நல்ல முன்னேற்றம் வரும்’ என்பது இலக்கே இல்லை. பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது என்றால் அந்த இடம் வேண்டாம். நீங்கள் பார்க்காத பயிற்சியை வீட்டில் எப்படிச் செய்வீர்கள்? ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றாலும் ஒவ்வொரு மாதமாகவே கட்டுங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை முக்கால் மணி நேரம் தெரபி நடந்தாலும், மீதி நேரமெல்லாம் அவன் உங்களோடுதான் இருக்கிறான். அதனால் வரிசையில் இடம் கிடைக்கும் வரை கூட வீட்டில் நிறையச் செய்யலாம். பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலு முறை, டி.வி.யும் கைப்பேசியும் அணைந்திருக்க வேண்டும். அவனுக்குப் பிடித்த பிஸ்கட்டைக் கண்ணுக்குத் தெரியும் ஆனால் கைக்கு எட்டாத டப்பாவில் வையுங்கள். அவன் உங்கள் கையைப் பிடித்து இழுப்பான். உடனே எடுத்துத் தராமல் அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, டப்பாவைக் காட்டி, ‘தா’ என்று ஒரே சொல் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் பார்த்தாலோ, கை நீட்டினாலோ, ஏதாவது ஒலி எழுப்பினாலோ அந்த நொடியே கொடுத்துவிடுங்கள். ‘தா’ என்று சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதமாக நின்றால் அழுகைதான் மிஞ்சும். பெரும்பாலோர் தவறுவது இந்தப் பத்து எண்ணும் இடத்தில்: காத்திருக்காமல் பேசிக்கொண்டே போவார்கள், அல்லது அவன் கேட்கும் முன்பே கொடுத்துவிடுவார்கள். குளிக்கும்போது தண்ணீர் ஊற்றுவது, தூளி ஆட்டுவது என்று அவன் ரசிக்கும் எதையும் பாதியில் நிறுத்திக் காத்திருக்கலாம். பெயரைச் சொல்லி நாள் முழுக்கக் கூப்பிடாதீர்கள். கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பிடித்த ஒன்று கிடைத்தால்தான் அந்த ஒலிக்குப் பொருள் உண்டாகும்.

பாதுகாப்பையும் கவனியுங்கள். சாலையில் ஓடுகிற பழக்கம் இந்தக் குழந்தைகளில் பலருக்கு உண்டு; உங்கள் பக்கத்தில் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. கதவுத் தாழ்ப்பாளை அவனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வெளியே போகும்போது உங்கள் கைப்பேசி எண் எழுதிய பட்டையைக் கையில் கட்டுங்கள்.

இப்போது சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அதை அளக்கும் ‘ஐசா’ என்ற இந்திய அளவுகோல் மூன்று வயது முதல் பயன்படுவது. 40 கேள்விகள் கொண்ட அதில் 70 மதிப்பெண் வந்தால் 40 சதவீதக் குறைபாடு. சலுகைகளுக்கான எல்லைக்கோடு அதுவே. உங்கள் மகனுக்கு மூன்று முடிய இன்னும் நாலு மாதம் இருப்பதால் அதற்குள் காகிதங்களைச் சரிசெய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா, அதே எழுத்து ஆதாரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால் கூட விண்ணப்பம் நின்றுவிடும். பிறகு இ-சேவை மையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். எந்த மருத்துவமனையில் பரிசோதனை என்று அதில் குறிக்க வேண்டும். உளவியலாளர் இருக்கும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். மாறாத கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். சிறு குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழே தருவார்கள். அதில் உள்ள கடைசித் தேதிக்கு முன்பே புதுப்பிக்கப் போங்கள்.

அது கைக்கு வந்ததும் முதலில் நிராமயா மருத்துவக் காப்பீடு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் இத்திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவும் அடங்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். செலவைத் திரும்பப் பெற ரசீது வேண்டும் என்பதால் தெரபிக்குத் துண்டுச் சீட்டு வாங்காதீர்கள். தேதி, கையெழுத்து, பதிவு எண்ணுடன் கேளுங்கள். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழில் இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பதில் வராவிட்டால் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது. மாநகர சாதாரணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை.

இதற்கிடையில் உங்கள் காதுக்கு வேறு வழிகளும் வரும்: ஸ்டெம் செல் ஊசி, உடலிலிருந்து உலோகம் இறக்கும் மருந்து, ஆக்சிஜன் அறை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022-லேயே அறிவித்துவிட்டது. லட்சக்கணக்கில் கேட்டு, குணமாகிவிடும் என்று எழுதியே தருகிறோம் என்றாலும் போகாதீர்கள்; வலிப்பு வந்தால், தூக்கமே கெட்டால் மட்டும் அதற்கான மருந்தை ஸ்டான்லியிலோ எழும்பூரிலோ கேட்டு வாங்குங்கள்.