குழுத் தலைவி கடப்பாரையைக் கீழே வைக்கலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே பெற்றோருடன் கலிஃபோர்னியாவுக்கு வந்தவள் நான். வயது 26. சியரா நெவாடா மலைத்தொடரின் உட்பகுதியில், வாகனம் போகாத இடங்களில், நடைபாதைகளைச் செப்பனிடும் கோடைக்காலக் குழு ஒன்றில் சில பருவங்களாக வேலை செய்கிறேன். இந்த ஆண்டு ஆறு பேர் கொண்ட குழுவுக்கு என்னையே தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். எட்டு நாள் மலையில், ஆறு நாள் கீழே என்ற முறையில் செப்டம்பர் வரை வேலை. குழுவில் ஒருவருக்கு என் அப்பா வயது. கல்வேலையில் என்னைவிடப் பல மடங்கு தெரிந்தவர். இன்னும் இருவர் இதற்குமுன் கூடாரத்தில் படுத்ததுகூட இல்லை. மூத்தவரை வேலை ஏவ எனக்கு வாய் வரவில்லை. எல்லோரையும்விட அதிகமாக நானே உழைத்துக் காட்டினால் மதிப்பார்கள் என்று நினைக்கிறேன். அது சரிதானா? ஜூன் மாதம் மலையேறுவதற்குள் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஃப்ரெஸ்னோ

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அதே மலைத்தொடரில் சில கோடைகள் கடப்பாரை பிடித்தவன் என்ற உரிமையில் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். நீங்கள் கேட்டவற்றுள் நடுவில் இருக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதில்தான் அடங்கியிருக்கிறது. எல்லோரையும்விட அதிகமாக உழைத்துக் காட்டுவது சரியா என்றால், சரியில்லை. முதல் வாரம் அது நன்றாகத்தான் தெரியும், குழுவும் மெச்சும். ஆனால் குனிந்தபடி மண்ணை வெட்டிக்கொண்டிருக்கும் தலைவியின் கண்ணுக்குத் தன் மண்வெட்டி முனையைத் தவிர வேறு எதுவும் படாது. மேலே கல் புரட்டுபவருக்கு நேர் கீழே புதியவர் ஒருவர் நின்றுகொண்டிருப்பதையும், மேற்கே மேகம் திரள்வதையும், நாளைக்கு வேண்டிய கல் இன்னும் யாராலும் தேடப்படவில்லை என்பதையும் பார்ப்பதற்காகத்தான் உங்களைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் எந்த இடத்தில் தொடங்குவது, எந்தக் கருவியை எடுப்பது என்று தெரியாமல் ஆறு பேர் அரை மணி நேரம் நின்றால், மூன்று மணி நேர உழைப்பு போய்விடுகிறது. அந்த மூன்று மணி நேரத்தை உங்கள் இரண்டு கைகளால் மீட்க முடியாது. ஆகவே மாலையில் மற்றவர்கள் காலணியைக் கழற்றும் நேரத்தில் நீங்கள் மறுநாள் வேலை செய்யப்போகும் பாதையில் தனியாக ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். எந்த வடிகால் அடைத்திருக்கிறது, எந்த மரம் விழுந்து கிடக்கிறது, படிக்கு ஏற்ற கல் சரிவில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் யார் யாருடன், எங்கே, எந்தக் கருவியோடு என்பதை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதன் பிறகு நீங்களும் மண்வெட்டி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கீழே வைத்தால் ஒருவர் வேலையும் நிற்காத இடமாகப் பார்த்து எடுங்கள்.

நடைபாதைப் பராமரிப்பு பெரும்பாலும் தண்ணீரோடு செய்யும் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் புதியவர்களுக்குத் தெரியாது. அந்த மலையின் மண் பெரும்பாலும் பொடிந்த கருங்கல்; பனி உருகிய நீரோ கோடை மழை நீரோ பாதை வழியே ஓடத் தொடங்கினால், ஒன்றிரண்டு பருவத்திலேயே பாதை முழங்காலளவு ஓடையாகிவிடும். அதனால்தான் பாதையின் குறுக்கே ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் கல்வரிசை பதித்து நீரைச் சரிவுப் பக்கம் திருப்புகிறோம். புதியவர்கள் இதைச் சுத்தம் செய்யும் விதத்தைக் கவனியுங்கள். கல்வரிசையை ஒட்டிய வண்டலை அழகாக வழித்தெடுத்துவிட்டு, நீர் வெளியேறும் வாயை அப்படியே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அந்த வாய் பாதைக்கு வெளியே புல்லும் சருகும் மூடிக் கிடக்கும், கண்ணில் படாது. அடுத்த மழையில் அங்கே நீர் தேங்கி, வண்டல் படிந்து, கல்லின் மேலேறி மறுபடியும் பாதைக்கே வந்துவிடும். வாயை அகலமாகத் திறந்து, நீர் எந்த வழியிலும் பாதைக்குத் திரும்பாத தூரம் வரை தோண்டச் சொல்லுங்கள். தோண்டிய வண்டலைப் பாதையின் பள்ளத்தில் போட்டு மிதிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் முழுவதும் புதியவர்கள் இருவருக்கும் இந்த ஒரு வேலையைக் கொடுத்தாலே போதும். மாலைக்குள் மலைச்சரிவைப் பார்க்கும் பார்வை அவர்களுக்கு மாறியிருக்கும்.

இனி மூத்தவருக்கு வருகிறேன். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. அண்ணா, சித்தப்பா, ஐயா என்று அழைத்து வளர்ந்தவர்களுக்கு, தந்தை வயதுள்ள ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே ஒரு பாடுதான். வேலை ஏவுவது அதைவிடக் கடினம். அந்த மரியாதையை நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை. அதை எங்கே காட்டுவது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே அவரைத் தனியே சந்தித்து, கல்வேலை முழுவதையும் அவர் பொறுப்பில் விடுவதாகச் சொல்லுங்கள். அவரிடம் புதியவர் ஒருவரை ஒப்படைத்து, பருவம் முடிவதற்குள் அந்த ஆள் தனியாக ஒரு படி வைக்கக் கற்றிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏவலாகக் கேட்டால் முகம் சுளிக்கும் மனிதர்கூட, தன் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும்படி வேண்டினால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

அவர் படிக்கல் வைப்பதை நீங்களே பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று பேர் கடப்பாரை போட்டு நெம்பினால்தான் அசையும் கல் அது. குழியில் இறக்கியதும் அனுபவசாலி அதன்மேல் ஏறி நின்று, ஒவ்வொரு மூலைக்கும் எடையை மாற்றி மாற்றிப் பார்ப்பார். உள்ளங்காலுக்கு மட்டும் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தாலும் கல்லை வெளியே எடுத்து, அடியில் ஜல்லியைச் சரிசெய்து மறுபடி இறக்குவார். முன்பக்கத்தில் ஒரு சில்லைச் செருகி ஆட்டத்தை நிறுத்திவிடலாம். ஆனால் ஒரு குளிர்கால உறைபனி அந்தச் சில்லை வெளியே தள்ளிவிடும். மூன்றாம் முறையாகக் கல்லை வெளியே எடுக்கும்போது புதியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்த நேரத்தில், இன்று எத்தனை படி முடிந்தது என்ற கேள்வி உங்களிடமிருந்து வரக்கூடாது. 1933 முதல் 1942 வரை இயங்கிய அமெரிக்கக் குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படையின் (வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த திட்டம் அது) இளைஞர்கள் கட்டிய, சாந்து இல்லாத கல்கட்டுகள் பல இன்றும் நிற்கின்றன என்றால், அவர்களை யாரோ அவசரப்படுத்தாமல் விட்டதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

கல் நகரும்போது குரல் ஒன்றுதான் இருக்க வேண்டும். கல்லடியில் அவர் குரல் கொடுக்கிறார் என்றால், நீங்கள் கடப்பாரை பிடித்திருந்தாலும் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். இதைக் குழுவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்தால் மற்ற இடங்களில் உங்கள் குரலுக்கு அவர் கட்டுப்படுவது அவருக்குக் குறைவாகத் தோன்றாது. ஆனால் மின்னல், ஆறு, காயம் ஆகிய மூன்றிலும் முடிவு உங்களுடையது. அதில் வயதுக்கும் இடமில்லை, வாக்கெடுப்புக்கும் இடமில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே பிற்பகல் இடிமழை சாதாரணம். கணவாய்க்கு அருகே வேலை என்றால் விடியலில் தொடங்கி, நண்பகலோடு கீழே இறங்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். இடியோசை கேட்டால் இரும்புக் கருவிகளை விட்டுவிட்டு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பிப் போகாதீர்கள். “இந்த ஒரு கல்லை மட்டும் உட்கார வைத்துவிட்டு வருகிறேன்” என்று அவர் சொல்வார், அநேகமாக நிச்சயமாகச் சொல்வார். அப்போது நீங்கள் உரத்த குரலில் பேச வேண்டியதில்லை. காரணத்தையும் அங்கே விளக்க வேண்டியதில்லை. “இப்போதே இறங்குகிறோம்” என்று சொல்லிவிட்டு, அவர் கடப்பாரையைக் கீழே வைக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். காரணத்தை இரவு உணவுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மின்னலோடு ஆற்றையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பகல் வெயிலில் உருகும் பனி மாலையில்தான் ஓடைகளை நிரப்பும். விடியற்காலையில் நீர் மிகக் குறைவாக இருக்கும். கடக்க வேண்டிய ஓடை இருந்தால் முகாமை அதன் எந்தக் கரையில் போடுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள். 2023 ஏப்ரல் தொடக்கத்தில் கலிஃபோர்னியா முழுவதும் பனிச்சேமிப்பு சராசரியின் 237 விழுக்காடாக இருந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஜூனில் தொடங்க வேண்டிய வேலை ஜூலையிலும் தொடங்காமல் போகும். மேலதிகாரி கொடுத்த அட்டவணையைவிட ஓடையின் மட்டத்துக்கு மதிப்புக் கொடுங்கள். திரும்பி வந்ததற்காக யாரும் உங்களை வேலையிலிருந்து நீக்கமாட்டார்கள்.

விழுந்த மரங்கள் உங்கள் நேரத்தைப் பெரிதும் விழுங்கும். 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் இத்தகைய பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் கருவிகளைப் பொதுவாகத் தடை செய்வதால், இருவர் இழுக்கும் நீள ரம்பம்தான் உங்கள் கருவி. புதியவர்களுக்கு முதலில் பழக்க வேண்டியது, இழுக்க மட்டும் செய்வது, தள்ளாமல் இருப்பது. தள்ளினால் அலகு வளையும். எதிரில் இருப்பவர் கையும் சோர்ந்துபோகும். அதைவிட முக்கியமானது, வெட்டுமுன் மரத்தைப் படிப்பது. இரு முனையும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கும் மரத்தில் மேற்புறம் அழுந்தி நிற்கும், அடிப்புறம் இழுபட்டு நிற்கும். மேலிருந்து அறுத்தால் பாதியிலேயே ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். ஆப்பு அடித்து வெட்டைத் திறந்து வைக்க வேண்டும், சில இடங்களில் அடியிலிருந்தும் அறுக்க வேண்டும். சரிவில் கிடக்கும் மரம் துண்டானதும் உருளும் என்பதால் அதன் கீழ்ப்பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. ரம்பத்துக்கு உரிய சான்றிதழ் இல்லாதவர் கையில் அதைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும்.

கூடாரத்தில் படுத்தறியாத இருவருக்காக நீங்கள் கவலைப்படுவது நியாயம், ஆனால் அளவோடு கவலைப்படுங்கள். முதல் நாள் நடையில் மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். 3,000 மீட்டர் உயரத்தில் முதல் இரண்டு நாள் தலைவலியும் பசியின்மையும் வரலாம். அவை கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, உடனே கீழே இறக்க வேண்டும்; சமாளித்துக்கொள் என்று சொல்லும் இடம் அதுவன்று. காலில் சூடு தெரிந்தவுடனே நின்று பட்டி ஒட்டச் சொல்லுங்கள், கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை. உணவு முழுவதும் கரடிக்கு எட்டாத பெட்டிக்குள் இருக்க வேண்டும், பற்பசையும் சேர்த்துத்தான். கழிப்பிடம் நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் தோண்டப்பட வேண்டும். குழுவில் பெண்கள் இருந்தால் மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளை எல்லோர் முன்னிலையிலும் இயல்பாகச் சொல்லிவிடுங்கள்; நீங்கள் கூச்சப்பட்டால் அவர்கள் கேட்கவேமாட்டார்கள்.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. பெரிய சண்டைகள் கல்லடியில் வருவதில்லை, பாத்திரம் கழுவும் இடத்தில்தான் வரும். எட்டு நாள் சுற்றில் ஐந்தாம் நாள் மாலையைக் கவனியுங்கள்; உடல் வலி, ஒரே முகங்கள், தீர்ந்துபோன காய்கறி எல்லாம் அன்றுதான் ஒன்றுசேரும். சமையலுக்கும் கழுவுவதற்கும் முறை வைத்து எழுதி மாட்டுங்கள். அதில் உங்கள் பெயரும் இருக்கட்டும். நான் மேலே உழைப்பு பற்றிச் சொன்னதற்கு விதிவிலக்கு இது. கல்வேலையில் விலகி நிற்கும் தலைவியைக் குழு ஏற்றுக்கொள்ளும், பாத்திரம் கழுவாத தலைவியை ஏற்றுக்கொள்ளாது. சமைப்பவர் கை கழுவினாரா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஒருவருக்கு வந்த வயிற்றுப்போக்கு மூன்று நாளில் முகாம் முழுவதற்கும் வந்துவிடும்.

ஜூனுக்குள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வனாந்தர முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழும் ரம்பச் சான்றிதழும் காலாவதியாகிவிட்டனவா என்று பாருங்கள். கடந்த ஆண்டுக் குழுவின் வேலைக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எங்கே எத்தனை மரம் கிடந்தது, எந்தச் சுவர் சரிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். வயர்லெஸ் எந்த இடங்களில் எடுக்காது என்று முன்பு அங்கே வேலை செய்தவர்களிடம் விசாரித்து வரைபடத்தில் குறியுங்கள், அங்கே செயற்கைக்கோள் செய்திக் கருவி உங்கள் பையிலேயே இருக்கட்டும். கடைசியாக, உங்கள் பொருள்களைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிவரும் ஆளைத் தொலைபேசியில் அழைத்து ஒருமுறை பேசிவிடுங்கள். ஒரு கழுதைக்கு ஏறத்தாழ 68 கிலோ, அதுவும் இரண்டு பக்கமும் சம எடையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் எடை போட்டு, எண்ணை மேலேயே எழுதி வைத்தால், பாதைமுகப்பில் அவர் உங்கள் அரிசி மூட்டையைப் பிரித்துப் பங்கிட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. மலையில் அடுத்த எட்டு நாளுக்கான உணவு அவர் கையில்தான் இருக்கிறது என்பதால், அவருக்குப் பிடித்த காப்பித்தூள் எது என்பதையும் அந்த அழைப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.