வாசகர் கேள்வி – பதில்: ஆழ்கடல் பாய்ப்படகுப் பந்தயத்தில் மோதல் தவிர்ப்பும் பாதுகாப்புக் கருவிகளும்

கரையை விட்டு விலகி இரவு பகலாக நடக்கும் பாய்ப்படகுப் பந்தயங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில்.

கேள்வி: பந்தயத்தின்போது சரக்குக் கப்பல் குறுக்கே வந்தால், இயந்திரக் கப்பல்தானே பாய்ப்படகுக்கு ஒதுங்க வேண்டும்? நாங்கள் ஏன் பாதையை விட்டு வேகத்தை இழக்க வேண்டும்?

நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி. பாய்ப்படகு விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங்கின் பந்தய விதிகள், பந்தயத்தில் இருக்கும் படகுகள் ஒன்றையொன்று சந்திக்கும்போது மட்டுமே செல்லுபடியாகும். பந்தயத்தில் இல்லாத கலம் எதிர்ப்பட்டால், பொதுவாக 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகள்தான். அவற்றின் 18ஆம் விதி இயந்திரக் கலம் பாய்க்கலத்துக்கு ஒதுங்க வேண்டும் என்கிறது. ஆனால் வலையோ தூண்டில் வரிசையோ இழுத்துக்கொண்டிருக்கும் மீன்பிடிக் கலம், கட்டுப்பாடு இழந்த கலம், செய்யும் வேலையால் திரும்ப முடியாத கலம் ஆகியவற்றுக்குப் பாய்ப்படகுதான் ஒதுங்க வேண்டும். ஒரு கப்பலைப் பின்னாலிருந்து முந்துகிறீர்கள் என்றால் அப்போதும் ஒதுங்க வேண்டியவர் நீங்களே. குறுகிய கால்வாயிலும், கப்பல்களுக்கெனப் பிரித்த வழித்தடத்திலும் பெரிய கப்பலுக்கு இடைஞ்சலாகப் பாய்ப்படகு நிற்கவே கூடாது.

உரிமை உங்கள் பக்கம் இருக்கும் இடத்திலும் கணக்கைப் பாருங்கள். 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் வரும் கப்பலும் 8 நாட் வேகத்தில் ஓடும் படகும் நேருக்கு நேர் வந்தால், 7 கடல்மைல் இடைவெளி 15 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பின்காற்றில் ஏற்றும் பெரிய ஸ்பின்னேக்கர் பாய் ஏறியிருந்தால் அதை இறக்கி, ஆட்களை இடம் மாற்றி, படகைத் திருப்பவே அதில் சில நிமிடங்கள் போகும். கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்கு அணியத்துக்கு (கப்பலின் முன்முனைக்கு) முன்னே 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்கலாம். சர்வதேச விதியே அந்த அளவு மறைப்பை அனுமதிக்கிறது. அதனால் ஒதுங்குவதென்றால் முன்கூட்டியே, அவர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாகத் திரும்புங்கள். ஐந்தைந்து பாகையாகத் திருப்பினால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

கேள்வி: இரவில் பந்தயப் படகுகளுக்கு இடையே விதி மாறும் என்கிறார்களே?

பல பந்தயங்களில் மாறும். சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை பந்தய விதிகளின் இரண்டாம் பகுதிக்கு (படகுகள் சந்தித்தால் யார் ஒதுங்குவது என்று சொல்லும் பகுதி) பதிலாகக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகள் பொருந்தும் என்று பந்தய அறிவிப்பில் எழுதியிருப்பார்கள். எந்த நேரத்திலிருந்து என்பதை அறிவிப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பகலில், காற்று போகும் பக்கத்தில் இருக்கும் படகு, காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகைக் காற்றை நோக்கித் தள்ளிப் போட்டியை நடத்தலாம். கடல் விதியில் அது கிடையாது; வழியுரிமை உள்ள படகு தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். இன்னொன்று: நீங்கள் காற்றை இடப்பக்கம் வாங்கி ஓடுகிறீர்கள், காற்று வரும் பக்கத்தில் ஒரு பாய்ப்படகு தெரிகிறது, அது காற்றை எந்தப் பக்கம் வாங்குகிறது என்று இருட்டில் பிடிபடவில்லை என்றால், ஒதுங்க வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: கப்பல்கள் தம் நிலையை ரேடியோவில் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியின் திரையில் எல்லாக் கப்பலும் தெரிகிறது. அப்படியிருக்க ஆள் வைத்துக் கண்காணிப்பது எதற்கு?

தெரிவது, ஒலிபரப்பும் கலங்கள் மட்டுமே. சிறிய மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அந்தக் கருவியே இருக்காது. 2021 ஜனவரியில் தனியாளாக உலகைச் சுற்றும் வாண்டே குளோப் பந்தயத்தின் முடிவுக்கோட்டுக்குச் சுமார் 90 மைல் இருக்கும்போது, போரிஸ் ஹெர்மானின் படகு இரவில் மீன்பிடிப் படகு ஒன்றில் மோதியது. ராடார், ஏஐஎஸ் இரண்டும் இருந்தும் எச்சரிக்கை மணி அவரை எழுப்பவில்லை.

பந்தயப் படகுகளில் பொதுவாக இருக்கும் வகுப்பு-பி ஏஐஎஸ் கருவியின் ஒலிபரப்புத் திறன் 2 வாட். நிலையை 30 விநாடிக்கு ஒருமுறைதான் அனுப்பும். 10 நாட் வேகத்தில் ஓடும் படகு அதற்குள் 150 மீட்டர் நகர்ந்துவிடும். ஆண்டெனா பாய்மர உச்சியில் இருப்பது நல்லது; கேபிளில் 40 சதவீதத்துக்கு மேல் திறன் வீணாகக் கூடாது என்பது வேர்ல்டு செய்லிங்கின் ஆழ்கடல் சிறப்பு விதிகளின் அளவு. பாய்மரத்துக்குள் எடை குறைக்கிறோம் என்று 20 மீட்டருக்கு மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை இழுத்தால் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். தடித்த ஆர்ஜி-213 என்றால் அந்த வரம்புக்குள் நிற்கும்.

இன்னொரு எதிரி எல்இடி விளக்கு. தரமற்ற எல்இடி விளக்குகள், கலங்கள் பேசப் பயன்படுத்தும் விஎச்எஃப் ரேடியோ அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பி, ரேடியோவையும் ஏஐஎஸ்ஸையும் செவிடாக்கும். சோதிப்பது எளிது. விஎச்எஃப் ரேடியோவை யாரும் பேசாத சேனலில் வைத்து, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் திருப்புங்கள். பிறகு பாய்மர உச்சி விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் குற்றவாளி அந்த விளக்குதான். துறைமுகத்திலேயே செய்து பார்த்துவிடலாம். கிளம்புவதற்கு முன் பலரும் விட்டுவிடும் சோதனை இது.

கண்ணால் பார்ப்பதற்கு வருவோம். காற்றை எதிர்த்து ஓடும்போது ஆட்கள் எல்லோரும் காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்திருப்பார்கள். மறுபக்க அணியத்தின் பார்வையை ஜெனோவா என்னும் பெரிய முன்பாய் முழுவதுமாக மறைத்துவிடும். பந்தயப் படகின் மிக ஆபத்தான குருட்டுப் பகுதி அதுவே. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் அந்த மறுபக்கத்துக்கு இறங்கி, பாய்க்கு அடியில் குனிந்து பார்த்தே ஆக வேண்டும். கலம் ஏதாவது தெரிந்தால் கைத் திசைகாட்டியில் அதன் திசையைப் படித்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து மீண்டும் படியுங்கள். எண் மாறாமல் கலம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் பாதையில் இருக்கிறீர்கள். மிகப் பெரிய கப்பல் என்றாலோ, மிக அருகில் வந்துவிட்டாலோ, எண் மாறினாலும் நம்ப வேண்டாம்.

கேள்வி: மூன்று நிற உச்சி விளக்கையும் கீழே உள்ள சிவப்பு-பச்சை விளக்குகளையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியுமே?

கூடாது. 20 மீட்டருக்குக் குறைந்த படகு பாயில் மட்டும் ஓடும்போது, மூன்று நிற உச்சி விளக்கு ஒன்றே போதும். இயந்திரத்தைப் போட்டு ஓட்டினால் அதை அணைத்துவிட்டு, கீழ் விளக்குகளோடு பாய்மரத்து வெள்ளை விளக்கையும் போட வேண்டும். அந்த நிமிடமே நீங்கள் இயந்திரக் கலம். பாய்ப்படகின் உரிமை போய்விடும். கப்பல் மிக நெருங்கி வந்தால், வலுவான டார்ச் ஒளியை உங்கள் பாயின்மேல் அடியுங்கள். பெரிய வெள்ளைப் பரப்பு தூரத்திலிருந்தே தெரியும்.

கேள்வி: லைஃப் ஜாக்கெட் எல்லாம் விதிப்படி 150 நியூட்டன் மிதப்புவிசைத் தரத்தில் வாங்கியாகிவிட்டது. அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

வாங்குவதோடு வேலை முடிவதில்லை. தானாக ஊதும் ஜாக்கெட்டில் அடிக்கடி காணும் கோளாறு, வாயுக் குப்பி மறை கழன்று தளர்ந்திருப்பது. அசைந்து அசைந்து மெல்லக் கழன்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. பந்தயத்துக்கு முன்னும், நீண்ட பந்தயத்தில் நடுவிலும் உறையைத் திறந்து கையால் இறுக்குங்கள். குப்பியைக் கழற்றித் தராசில் வையுங்கள். அதில் பொறித்திருக்கும் மொத்த எடைக்கு 2 கிராமுக்கு மேல் குறைந்தாலோ, துரு பிடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். அடுத்து, வாயால் ஊதி ஒரு நாள் அப்படியே வைத்திருங்கள். காற்று இறங்கினால் அந்த ஜாக்கெட் படகில் ஏறக் கூடாது. தூண்டும் பொறியின் காலாவதித் தேதியையும் பாருங்கள். கரையும் மாத்திரை வகை, அலைச்சாரலிலேயே வெடித்துவிடலாம். நீரழுத்தத்தில் இயங்கும் வகை, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழம் போனால்தான் ஊதும். முன்தளத்தில் நனைந்தபடி வேலை செய்பவருக்கு அதுவே ஏற்றது.

தொடை வார் கட்டாமல் விடுவதைத்தான் மன்னிக்க முடியாது. வார் இல்லாவிட்டால் ஊதிய ஜாக்கெட் காதுவரை ஏறி, உடல் கீழே நழுவி, முகம் அலையில் மூழ்கும். மழைக்கோட்டுக்கு உள்ளே ஜாக்கெட்டைப் போடுவதும் தவறு; ஊதும்போது நெஞ்சை நெரிக்கும்.

கேள்வி: படகோடு நம்மைப் பிணைக்கும் டெதர் கயிற்றில் என்ன கவனிக்க வேண்டும்?

நீளம் 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 1 மீட்டர் குட்டை வாரும் இருக்க வேண்டும். முன்தளத்தில் குட்டை வாரையே பயன்படுத்துங்கள், கடலில் விழாமல் தடுப்பது அதுதான். நீள வாரில் விழுந்தவரை ஓடும் படகு நீருக்குள் இழுத்துச் செல்லும். 2017இல் உலகம் சுற்றும் கிளிப்பர் பந்தயத்தில், கடலில் விழுந்த ஒருவரின் டெதர் கொக்கி தளத்துக் கயிற்றுக்கட்டையின் அடியில் சிக்கியது. பக்கவாட்டில் வந்த இழுவிசையில் கொக்கி வளைந்து திறந்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. கொக்கிகள் நேர் இழுவைக்காகச் செய்யப்படுபவை. ஆகவே, டெதரை மாட்டத் தளத்தில் நீளவாக்கில் கட்டும் ஜாக்ஸ்டே பட்டை, கயிற்றுக்கட்டைக்கோ வளையத்துக்கோ அருகே முடிந்தால் அதை இடம் மாற்றிக் கட்டுங்கள். வெயிலில் வெளுத்த பட்டையை, அறுகாமல் இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: புயலில் உயிர்காப்பு மிதவைக்கு எப்போது மாற வேண்டும்?

படகு மூழ்குகிறது, அல்லது அணைக்க முடியாத தீ என்றால் மட்டும். புயலில் சிக்கிய 1979ஆம் ஆண்டின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின; 15 பந்தய வீரர்கள் இறந்தனர். ஆட்கள் கைவிட்ட 24 படகுகளில் 5 மட்டுமே மூழ்கின. மற்றவை பிறகு மிதந்தபடி கிடைத்தன. பாய்மரம் முறிந்தாலும் தளம் தலைகீழாகிப் பின் நிமிர்ந்தாலும், மிதக்கும் படகு மிதவையைவிட நல்ல புகலிடம். அதே சமயம், மிதவையை 15 விநாடிக்குள் விளிம்புக் கம்பிக்குக் கொண்டுவர முடிய வேண்டும் என்கிறது விதி. பாய் மூட்டைகளுக்கு அடியில் புதைத்து வைத்தால் அது நடக்காது. ஏவும் முன் அதன் கயிறு படகில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆபத்தையும் இருக்கும் இடத்தையும் செயற்கைக்கோள் வழியே தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் இபிர்ப் கருவி கையோடு வரட்டும்.

கேள்வி: ஆபத்தில் இருக்கும் படகுக்கு உதவப் போனால் நாங்கள் பந்தயத்தில் பின்தங்கிவிடுவோமே?

உதவுவது உங்கள் விருப்பமல்ல, கடமை. பந்தய விதிகளின் முதல் விதியே, ஆபத்தில் இருக்கும் யாருக்கும் முடிந்த எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பதுதான். அதனால் இழந்த நேரத்துக்கு ஈடு கேட்க 61ஆம் விதி இடம் தருகிறது. பாதை மாறிய நேரம், இருந்த இடம், உதவி முடிந்த நேரம் மூன்றையும் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, கரை சேர்ந்ததும் எதிர்ப்பு மனுக் குழுவிடம் கொடுங்கள்.