நார்மண்டி கதையில ஸ்க்வாடுக்கு என்ன துப்பாக்கி கொடுக்கலாம்?

வாசகர் ஒருத்தர் சிறுகதை எழுதிட்டு இருக்கார். 1944 ஜூலை, இரண்டாம் உலகப்போர், பிரான்ஸ்ல இருக்குற நார்மண்டி, பன்னெண்டு பேர் இருக்குற ஒரு அமெரிக்க காலாட்படை ஸ்க்வாட். பாதிப் பேருக்கு தாம்சன் சப்மெஷின்கன் கொடுத்திருக்கார், ஹீரோவுக்கு மட்டும் கேரண்ட் ரைஃபிள். கிளைமாக்ஸ்ல ரைஃபிள் காலியாகி 'டிங்'னு கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கிற தகடு) வெளிய தெறிக்குது, அந்த சத்தத்துக்காகவே காத்துட்டு இருந்த ஜெர்மன்காரன் எழுந்து வந்து சுட்டுடுறான். இது நம்புற மாதிரி இருக்கான்னு கேட்கிறார்.

முதல்ல அந்த தாம்சன்களைப் பிடுங்கிடுங்க. ரைஃபிள் ஸ்க்வாடோட அதிகாரபூர்வ பட்டியல்ல தாம்சனே கிடையாது. எங்கேயோ எப்படியோ தேத்தி, சார்ஜென்ட் மாதிரி ஒருத்தர் வெச்சிருப்பார், அவ்வளவுதான். அதோட தோட்டா பிஸ்டல் தோட்டா, பாயின்ட் 45, கிட்டத்துல பேய் மாதிரி வேலை செய்யும், ஆனா இருநூறு மீட்டர் தள்ளி இருக்குற மண்வரப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிறவனை அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வட்டமா இருக்குற ட்ரம் மேகசினும் வேண்டாம், அப்போ புழக்கத்துல இருந்த தாம்சனோட எம்1, எம்1ஏ1 மாடல்ல அது மாட்டவே மாட்டாது, 20 இல்லன்னா 30 ரவுண்ட் நீள மேகசின்தான்.

மத்தபடி ஸ்க்வாட் மொத்தமும் கேரண்டும் ஒரே ஒரு பிஏஆரும்தான் (பிரௌனிங் ஆட்டோமேட்டிக் ரைஃபிள்). கேரண்ட் 1936ல ராணுவத்துக்குள்ள வந்த துப்பாக்கி, கனடாவுல பிறந்த ஜான் கேரண்ட் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில வடிவமைச்சது, நாலே கால் கிலோவுக்கு மேல கனம், எட்டு ரவுண்ட். ஒவ்வொரு தடவையும் போல்ட்டை (தோட்டாவை உள்ள தள்ளுற பாகம்) இழுக்க வேண்டாம், ஒவ்வொரு சூட்டுக்கும் ட்ரிகரை ஒரு தடவை அழுத்தினா போதும். எதிர்ல ஜெர்மன் ரைஃபிள்காரன் கையில அஞ்சு ரவுண்ட், சுட்டதும் போல்ட்டை இழுத்து இழுத்து அடிக்கிற கார்98கே. ஆனா அவங்க ஸ்க்வாடோட உயிரே எம்ஜி42 மெஷின்கன்தான், மத்தவங்க எல்லாம் அதுக்குத் தோட்டா சுமக்குற ஆளுங்க மாதிரி. அமெரிக்க ஸ்க்வாட்ல அப்படி ஒரு துப்பாக்கி கிடையாது, பிஏஆர் இருக்கே தவிர அதுல 20 ரவுண்ட் மேகசின்தான், பாரல் சூடானா கழட்டி மாத்தவும் வழியில்ல. அதனால பத்து கேரண்ட் சேர்ந்து சுட்டுத்தான் அந்த இடத்தை நிரப்பணும்.

இப்போ அந்த டிங். சத்தம் உண்மை, எட்டாவது ரவுண்ட் போனதும் காலி கிளிப் துள்ளி விழும்போது வரும். ஆனா நூறு மீட்டர் தள்ளி, பக்கத்துல மோர்ட்டார் விழுந்துட்டு இருக்கும்போது, ஏற்கனவே காது அடைச்சுப் போனவனுக்கு அது கேட்குமா? அப்படியே கேட்டாலும் எழுந்து வந்தா ஹீரோவுக்குப் பக்கத்துல இருக்கிறவன் சும்மா விடுவானா? அடுத்த கிளிப்பைச் சொருக ரெண்டு மூணு செகண்ட் கூட ஆகாது. வீட்டுத் தோட்டத்துல ஒத்தைக்கு ஒத்தை நின்னு சுட்டுக்கிட்டா சரி, ஸ்க்வாட் சண்டையில இது எடுபடாது.

பதட்டம் வேணும்னா வேற இடத்துல தேடுங்க. கேரண்ட்ல உள்ள மூணு ரவுண்ட் மிச்சம் இருக்குன்னு வெச்சுக்கோங்க, மேல நாலஞ்சு தனித்தோட்டா சேர்த்து நிரப்புறது பெரிய தொல்லை. ஒண்ணு அந்த மூணையும் சும்மாவாவது சுட்டுத் தீர்க்கணும், இல்லன்னா போல்ட்டைப் பின்னாடி இழுத்துப் பிடிச்சு பக்கத்துல இருக்குற கொக்கியை அழுத்தி கிளிப்பையே வெளிய எடுத்துட்டு புதுசு போடணும். வரப்புக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கேட்குது, இவனுக்கு உள்ள எத்தனை மிச்சம்னு நினைவில்ல, எடுக்கலாமா வேண்டாமா? எனக்கு இந்தக் கேள்வி டிங்கை விட நல்லா இருக்கு. புதுப் பையன் அவசரத்துல கிளிப்பை அழுத்தி, போல்ட் முன்னாடி பாய்ஞ்சு கட்டைவிரலை நசுக்கிக்கிறதும் நிஜமா நடந்ததுதான்.

தோட்டாக் கணக்கையும் பாத்துக்கோங்க. இடுப்பு பெல்ட்ல பத்து பை, பைக்கு ஒரு கிளிப், ஆக 80 ரவுண்ட். தோள்ல போடுற துணிப்பட்டையில ஆறு கிளிப், 48. பிஏஆர்காரன் பாடு இதைவிட மோசம், துப்பாக்கியே ஒன்பது கிலோவை நெருங்கும், பெல்ட்ல 12 மேகசின் வேற. முன்கால் ஸ்டாண்டைக் கழட்டி வீசிட்டு நடந்தவங்க நிறைய. பிஏஆருக்கும் கேரண்டுக்கும் ஒரே தோட்டா, அதனால கேரண்ட் கிளிப்ல இருந்து உருவி பிஏஆர் மேகசினை நிரப்பலாம், செத்தவன் பெல்ட்டும் உதவும். தாம்சனுக்கும், கார்பைன்ங்கிற சின்ன ரைஃபிளுக்கும் அந்தத் தோட்டா சேராது. உங்க கதையில ஒருத்தர் தோட்டாவை இன்னொருத்தருக்குத் தூக்கிப்போடுற சீன் இருந்தா இதைச் சரி பாருங்க.

லெப்டினென்ட் கையில கார்பைன் கொடுங்க. கேரண்ட் எடையில பாதிக்குக் கொஞ்சம் மேல, 15 ரவுண்ட் மேகசின். 30 ரவுண்ட் வளைஞ்ச மேகசின் போட்டுடாதீங்க, நுனியில பயனெட்டும் மாட்டாதீங்க, ரெண்டும் அந்த ஜூலைக்கு ரொம்ப சீக்கிரம்.