ஜப்பான் பள்ளியில் மதியச் சாப்பாடு: கும்பகோணத்திலிருந்து போகும் சைவ ஆசிரியை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: ஏப்ரலில் ஜப்பானில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியையாகச் சேர்கிறேன். கும்பகோணம் பக்கம் வீடு. முட்டை, பால் உண்டு; மீன், கறி கிடையாது. மதியம் மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். சாப்பிடும் குச்சியைப் பிடிக்கவே தெரியாது. யார் மனமும் கோணாமல் எப்படி நடந்துகொள்வது?

பதில்:

குச்சிக் கவலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தினம் கால் மணி நேரம் பழகினால் புறப்படுவதற்குள் கைவந்துவிடும். உங்களை மாட்டிவிடப் போகிறவை வேறு இரண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத மீன். இன்னொன்று, ‘வேண்டாம்’ என்று சொல்கிற நேரம். இரண்டையும் முதல் சாப்பாட்டுக்கு முன்பே எழுத்தில் முடித்துவிட வேண்டும். தட்டு முன்னால் வந்தபிறகு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் காரியம் கெட்டது.

முதலில் அந்தச் சாப்பாடு என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். அதன் பெயர் கியூஷோகு. தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் பெரும்பாலும் உண்டு. மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் கிடையாது, அங்கே டப்பா கட்டிக்கொண்டுதான் வருவார்கள். நம் ஊர்ச் சத்துணவை மனதில் வைத்துக்கொண்டு போனால் குழம்பிவிடுவீர்கள். இங்கே அமைப்பாளரும் சமையலரும் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளைகள் தட்டோடு உட்காருவார்கள், ஆசிரியர் தன் டப்பாவை ஸ்டாஃப் ரூமில் திறப்பார். அங்கே ஆசிரியரும் அதே சாப்பாட்டைக் காசு கொடுத்து, அதே வகுப்பறையில் சாப்பிடுகிறார். ஒரு வேளைக்கு ஏறத்தாழ 300 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பள்ளி மதிய உணவுக்கு 1954இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2005இல் உணவுக் கல்விக்கென்று இன்னொரு சட்டம். அதனால் அந்த நேரம் இடைவேளை அல்ல, பாட வேளையின் தொடர்ச்சி. செல்போனை மேஜைமேல் வைக்காதீர்கள்.

இனி அந்த மீன் விஷயம். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்கிற சாறு. பெரும்பாலும் காயவைத்துச் சீவிய சூரை வகை மீனிலிருந்தோ, நிபோஷி என்கிற சின்னக் கருவாட்டிலிருந்தோ எடுப்பார்கள். மிசோ என்கிற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப், வேகவைத்த காய்கறி, கீரை, ஆம்லெட் என எதில் வேண்டுமானாலும் அது இருக்கலாம். ‘கர்ரி’ என்ற பெயரில் வரும் குழம்புக்குக் கரைக்கும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருப்பது சகஜம். உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாம் துணுக்கு, ஜெல்லியில் ஜெலட்டின். ‘நான் வெஜிடேரியன்’ என்றால் பலருக்கும் தோன்றுவது, கறித்துண்டை எடுத்து வைத்துவிட்டால் போதும் என்பதுதான். அவர்கள் மேல் தப்பில்லை. சாற்றை மீன் உணவு என்று யாரும் நினைப்பதில்லை, நம்மில் பலர் பெருங்காயத்தில் மைதா இருப்பதை நினைக்காத மாதிரி.

ஆகவே பெயர் சொல்லாதீர்கள், பட்டியல் கொடுங்கள். சாப்பிடாதவை: மாடு, பன்றி, கோழி, மீன், இறால், நண்டு, மீன் தாஷி, இறைச்சிச் சாறு, விலங்குக் கொழுப்பு, ஜெலட்டின். சாப்பிடுபவை: முட்டை, பால், தோஃபு, நத்தோ என்கிற புளித்த சோயா, காளான், கடல்பாசி, கடல்பாசியில் எடுத்த தாஷி. இந்த இரண்டாவது பட்டியல் ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் ‘இவருக்கு எதுவுமே ஆகாது’ என்று பயந்துவிடுவார்கள். ஒரே பக்கத்தில் எழுதி, உங்களை வேலைக்கு எடுத்த அலுவலகத்தில் கொடுத்து ஜப்பானியத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். பள்ளியில் போய்ச் சேர வேண்டிய ஆள் துணைத் தலைமையாசிரியர். அவர் வழியாக உணவியல் ஆசிரியரிடம் போகும்.

காரணம் எழுதும்போது குடும்ப வழக்கம், சமய வழக்கம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘அலர்ஜி’ என்று போட்டால் வேலை சுலபமாக முடியும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 2012 டிசம்பரில், டோக்கியோ மாநிலத்தில் உள்ள சோஃபு நகரில், பால் ஒவ்வாமை இருந்த 5ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பண்டத்தில் சீஸ் இருந்ததால் இறந்துபோனாள். அதன்பிறகு பள்ளிகளில் ஒவ்வாமை என்பது விளையாட்டல்ல. மருத்துவச் சான்று, அவசர மருந்து, தனிப் படிவம் என்று பெரிய ஏற்பாடே நடக்கிறது. பொய் சொல்லி அதற்குள் நுழைவது அசிங்கம்.

அதே காரணத்துக்காக இன்னொன்று. உங்கள் டப்பாவிலிருந்து ஒரு பிள்ளைக்கும் எதையும் கொடுக்கக் கூடாது. ‘டீச்சர், அது என்ன?’ என்று எட்டிப் பார்ப்பார்கள், ஆசையாகக் கேட்பார்கள். நமக்கு உடனே ஒரு வாய் எடுத்து நீட்டத் தோன்றும். காட்டுங்கள், பெயர் சொல்லுங்கள், கொடுக்காதீர்கள். நிலக்கடலையும் முந்திரியும் போட்ட புளியோதரை எந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாது.

சாப்பிடும் ஏற்பாட்டில் உங்களுக்கு மூன்று வழிகள். முழுச் சாப்பாட்டையும் ஏற்றுக்கொள்வது; சோறு, பால், பழம் மட்டும் எடுத்துக்கொண்டு மீதிக்குச் சின்ன டப்பா; அல்லது கியூஷோகுவையே நிறுத்திவிட்டு தினமும் பெந்தோ எனப்படும் கட்டுச்சோறு. நடுவழி நல்லதுபோல் தெரியும். ஆனால் தினமும் பாதித் தட்டைத் திருப்பி அனுப்புவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு நேர் எதிராகப் போகும். மீன் தாஷியைக்கூடத் தொடாதவராக இருந்தால் மூன்றாவது வழிதான் மரியாதையானது என்பேன். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் டப்பா கொண்டுவருவதால் வகுப்பில் அது புதுக் காட்சியும் அல்ல. தாஷியைப் பொறுத்துக்கொள்வேன், துண்டு மட்டும் வேண்டாம் என்றால் நடுவழி ஓடும். அந்தத் தாட்சண்யத்தின் எல்லையை நீங்களேதான் முடிவுசெய்ய வேண்டும். எதுவானாலும் முந்தின மாதமே சொல்லிவிடுங்கள். சமையல்கூடம் ஆள் எண்ணிக்கைப்படி முன்கூட்டியே சாமான் வாங்குகிறது. காலையில் போய் ‘இன்று எனக்கு வேண்டாம்’ என்றால் காசும் போகும், சாப்பாடும் வீணாகும்.

மாதா மாதம் கொந்தாதே என்ற உணவு அட்டவணை கொடுப்பார்கள். அன்றன்றைக்குச் சேரும் பொருள்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பிரிவாகப் போட்டிருக்கும். சிவப்பில் கறி, மீன், முட்டை, பால், பருப்பு. மஞ்சளில் அரிசி, ரொட்டி, எண்ணெய். பச்சையில் காய், பழம். உங்கள் கண் முதலில் சிவப்புப் பிரிவில் ஓடட்டும்; விலங்குக் கொழுப்பு மஞ்சளில் இருக்கலாம், அதையும் பாருங்கள். செல்போன் கேமராவில் மொழிபெயர்த்து, ஆகாத நாள்களை மாத ஆரம்பத்திலேயே வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பறையில் நடப்பது இதுதான். நான்காவது பாட வேளை முடிந்ததும் அன்றைய முறைப் பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளி வருவார்கள். அவர்களே பரிமாறுவார்கள். சோறோ ரொட்டியோ ஒன்று, ஒரு சூப், ஒன்றிரண்டு பதார்த்தம், 200 மில்லி பால். கடைசிப் பிள்ளைக்கும் தட்டு வந்தபிறகு கை கூப்பி, ஒரே குரலில் ‘இததாகிமாஸ்’ என்று சொன்னபிறகுதான் முதல் வாய். உண்மையில் தின்னக் கிடைப்பது 15, 20 நிமிஷம். கதை பேசிக்கொண்டு உட்கார்ந்தால் கடைசியில் நீங்கள் மட்டும் மென்றுகொண்டிருப்பீர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரருக்குப் பழக்கம் தலைகீழாகும் இடம் இங்கே. நம் பந்தியில் ‘போதும்’ என்பதற்கு மதிப்பே கிடையாது. இலைமேல் கையைக் குறுக்கே நீட்டினாலும் விரல் இடுக்கில் ஒரு கரண்டி சாம்பார் விழும். அதற்குப் பழகிய நாம் முதலில் சும்மா இருந்துவிட்டு, சாப்பிடும்போது ஒதுக்குவோம். அங்கே யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் வாங்கியதைத் தீர்க்க வேண்டும், கிண்ணத்தில் ஒட்டிய பருக்கை வரைக்கும். ஆகவே குறைத்துக்கொள்ள வேண்டுமானால் பரிமாறும்போதே ‘சுகுனமே தே ஒநெகாய்ஷிமாஸ்’, கொஞ்சமாகப் போடுங்கள் என்று கேட்டுவிடுங்கள். சில வகுப்புகளில் வாய் வைப்பதற்கு முன் திருப்பிப் போடவும் நேரம் கொடுப்பார்கள். கடித்தபின் வழியில்லை. மிச்சம் இருக்கும் ரொட்டிக்கும் ஜெல்லிக்கும் பிள்ளைகள் கல்-காகிதம்-கத்தரி போட்டுச் சண்டை பிடிப்பார்கள். அதில் ஆசிரியர் நுழைவது அழகல்ல.

மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போகவும் கூடாது. 1996இல் ஒசாகாவை அடுத்த சகாய் நகரில் பள்ளிச் சாப்பாட்டிலிருந்து ஓ-157 கிருமி பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படுத்தார்கள், உயிரும் போனது. சமைத்து 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது, பிள்ளைகளுக்கு முன்னால் தலைமையாசிரியர் ருசி பார்ப்பது, மாதிரியை உறைநிலையில் 2 வாரம் எடுத்து வைப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது.

அடுத்தது இடது கை. மடியிலேயே கிடந்து பழகிய கை அது. அங்கே வேலை செய்தாக வேண்டும். சோற்றுக் கிண்ணம் உங்களுக்கு இடப்பக்கம், சூப் வலப்பக்கம். இரண்டையும் இடது கையால் தூக்கிப் பிடித்துத்தான் சாப்பிட வேண்டும். கட்டைவிரல் விளிம்பில், மற்ற நான்கும் கிண்ணத்தின் அடிவளையத்தில். கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து போனால் நாய் தின்கிற மாதிரி என்பார்கள். பெரிய தட்டை மட்டும் தூக்க வேண்டாம். சூப்பைக் கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கலாம். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் வித்தையெல்லாம் வேண்டாம்.

எச்சில் பார்க்கும் குணம் அங்கே உங்களுக்குத் துணைதான். வீட்டிலேயே ஆளுக்கொரு குச்சி, ஆளுக்கொரு சோற்றுக் கிண்ணம் வைத்திருப்பவர்கள் அவர்கள். பொதுத் தட்டில் எடுக்கத் தனிக் குச்சி இருந்தால் அதையே எடுங்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவருக்குப் படைக்கும் சோறு. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றாதீர்கள்; தகனம் முடிந்து எலும்பு எடுக்கும்போதுதான் அப்படிச் செய்வார்கள். நம் ஊரில் நுனி இலையைத் திருப்பிப் போட்டால் பெரியவர்களுக்கு எப்படிச் சுருக்கென்று இருக்குமோ, அதைவிட ஒரு படி கூடுதல். மூக்கை உறிஞ்சினால் பொறுத்துக்கொள்வார்கள், மேஜையில் உட்கார்ந்து சிந்தக் கூடாது. காரம் ஏறினால் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

குச்சிப் பயிற்சிக்குக் கீழ்க்குச்சி அசையக் கூடாது என்ற ஒன்றே பாடம். அது கட்டைவிரல் இடுக்கில் படுத்து மோதிரவிரல்மேல் நிற்க வேண்டும். மேல்குச்சியைப் பேனா பிடிப்பதுபோல் மூன்று விரலால் பிடித்து அதை மட்டும் ஆட்டுங்கள். கை நழுவினால் பெரும்பாலும் நுனிக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்திருப்பீர்கள். மேலே ஏறிப் பிடியுங்கள். இட்லித் துண்டில் ஆரம்பித்து, வறுத்த கடலைக்குப் போய், அவித்த கொண்டைக்கடலை வழுக்காமல் வந்தால் தேறிவிட்டீர்கள். உதிரியான பொன்னிச் சோற்றில் முயன்று மனம் தளராதீர்கள். ஜப்பான் அரிசி குட்டை, ஒட்டும். கட்டியாக எடுக்க வரும்.

கட்டுச்சோற்றுக்கு இங்கிருந்தே புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டு போங்கள். எண்ணெய் மேலே மிதக்க, தண்ணீர் படாமல் பாட்டிலில் அடைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, உப்பு நார்த்தங்காய் கை கொடுக்கும். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் பெட்டியில் வேண்டாம், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். சாம்பாரை ஸ்டாஃப் ரூம் மைக்ரோவேவில் சூடு பண்ணினால் பெருங்காய வாசம் சாயங்காலம் வரை அறையில் நிற்கும். எலுமிச்சை சாதமும் புளியோதரையும் ஆறினபடியே சாப்பிடலாம் என்பதால் அவையே உத்தமம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கேயும் புழுக்கம்தான்: சோறு நன்றாக ஆறினபிறகு மூடி, மேலே ஐஸ் பை கட்டுங்கள். தயிர்சாதத்தை அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள்.

முதல் நாள் ஸ்டாஃப் ரூமுக்கு இனிப்பு கொண்டுபோவது நல்ல வழக்கம். ஆனால் திருவையாறு அசோகா ஒத்துவராது. நெய் கசியும், கரண்டி வேண்டும், நாள் தாங்காது. ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், பொருள்பட்டியலும் தேதியும் அச்சிட்டதாக இருக்க வேண்டும். உறையிட்ட கடலை மிட்டாய் சரி. கடலை இருக்கிறது என்று சீட்டு எழுதி வையுங்கள். ஆசிரியர், அலுவலர், சமையல்கூடத்தார் எல்லோரையும் எண்ணி, ஐந்தாறு கூடுதலாக வாங்குங்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் வரவேற்பு விருந்து வைப்பார்கள். ஆளுக்கு 4,000, 5,000 யென் ஆகலாம். ஏற்பாட்டாளரிடம் உங்கள் பட்டியலை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். உட்காரும் இடத்தை அவர்கள் சொல்வார்கள். எல்லோரும் கோப்பை தூக்கி ‘கம்பாய்’ சொல்லும்வரை குடிக்காதீர்கள். தன் கோப்பையைத் தானே நிரப்புவதில்லை, பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஊற்றுங்கள். குடிக்காதவர் ஊலாங் டீ கேட்கலாம், யாரும் ஏன் என்று கேட்பது அபூர்வம். கோப்பை நிறைந்தே இருந்தால் மேலும் ஊற்ற வரமாட்டார்கள். அன்றைக்குப் போக முடியாமல் போனாலும் உங்கள் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். கடைக்கு ஆள் கணக்கு முன்பே சொல்லியாகிவிட்டது.