தேர்தல் நேரத்தில் வெளிநாட்டில் ஒரு நெருக்கடி வந்தால் கட்சிகளின் பிரச்சாரம் எப்படி மாறும்? அது ஓட்டை மாற்றுமா?

2009 நாடாளுமன்றத் தேர்தலின்போது நான் சேலம் செவ்வாய்பேட்டையில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டர், அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கிறவன். எந்தக் கூட்டணியாக இருந்தாலும் பிட் நோட்டீஸ் எங்களிடம் வரும். அதனால் இந்தக் கேள்விக்கு, படித்ததை விடக் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் நேரடிப் பதில். ஆட்சியில் இருக்கிறவர் "பேசிக்கொண்டிருக்கிறேன், பொறுங்கள்" என்பார். பொறுமை தீர்கிற நேரத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஏதாவது ஒன்று செய்வார். எதிரில் நிற்கிறவர் "என்னிடம் கொடுங்கள், முடித்துக் காட்டுகிறேன்" என்பார். அதை முடிக்கிற அதிகாரம் அந்தப் பதவிக்கு உண்டா என்று அந்த நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஓட்டைப் பொறுத்தவரை, மாற்றும். ஆனால் கட்சிக்காரர்கள் நினைக்கிற அளவுக்கு மாற்றாது.

ஏப்ரல் ஆரம்பத்தில் எங்களுக்கு வந்த மேட்டர் எல்லாம் உள்ளூர் விஷயம். தி.மு.க. கூட்டணி நோட்டீஸில் 1 ரூபாய் அரிசி, விவசாயக் கடன் தள்ளுபடி, நூறு நாள் வேலை. அ.தி.மு.க. கூட்டணி நோட்டீஸில் மின்வெட்டு, விலைவாசி, மறுபடியும் மின்வெட்டு. சேலத்தில் அப்போது கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. எங்கள் மிஷினே பாதி நாள் நின்றுதான் ஓடியது. தறிக்காரர்கள் பாடு அதைவிட மோசம்.

இலங்கையில் போர் முடிகிற கட்டத்தில் இருந்தது. வன்னி மக்கள் முள்ளிவாய்க்கால் பக்கம் ஒரு சின்னக் கடலோரத் துண்டில் ஒடுங்கிவிட்டார்கள். ஜனவரி 29 அன்று சென்னையில் போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் தீக்குளித்த பிறகு தமிழ்நாடு முழுக்க மாணவர்களும் வக்கீல்களும் தெருவில்தான் இருந்தார்கள். ஆனால் அது நோட்டீஸில் கடைசி வரிதான், "ஈழத் தமிழர் துயர் துடைக்க" என்று ஒரே வரி.

ஏப்ரல் கடைசியில் அது தலைகீழானது. தனி ஈழம்தான் தீர்வு என்று ஜெயலலிதா பிரச்சார மேடையில் சொன்னார். மறுநாளே ஒரு கட்சிக்காரர் பழைய ப்ரூஃபை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, மேட்டர் மாறுது. கரண்ட் கட்டக் கீழ எறக்கு, ஈழத்த மேல ஏத்து. இருபத்தி நாலு பாயிண்ட்ல போல்டா வை." ஒரு தேர்தலின் விஷயமே மாறுவது என் திரையில் பத்து நிமிட வேலை. எதையும் புதிதாக எழுதவில்லை. மேலே இருந்தது கீழே போனது, கீழே இருந்தது மேலே வந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 27, திங்கட்கிழமை. காலையில் மெரினாவில் அண்ணா நினைவிடத்தில் முதல்வர் கருணாநிதி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதங்களையும் போர் விமானங்களையும் இனிப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்ததும் மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். மூன்று மணிக்கு எங்கள் அச்சகத்துக்கு தி.மு.க. அணியின் ஆள் வந்துவிட்டார். "போர் நின்னுடுச்சு. ராத்திரிக்குள்ள அஞ்சாயிரம் வேணும்."

எங்கள் பைண்டிங் மேசையில் அப்போது ஒரு அக்கா வேலை பார்த்தார். பெயர் வேண்டாம். 2006 இல் போர் மறுபடி மூண்டபோது மன்னாரிலிருந்து படகில் வந்தவர். மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு சேலம் மாவட்டத்து முகாம் ஒன்றில் குடும்பத்தோடு இருந்தார். முகாமில் செக்கிங் இருக்கிற நாளில் மட்டும் வேலைக்கு வர மாட்டார். அவருடைய சொந்த அக்காவும் மூன்று பிள்ளைகளும் வன்னிக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐயாயிரம் நோட்டீஸை மடித்தது அவர்தான். முதல் தாளை எடுத்து வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிண்டிட்டுதோ அண்ணை?"

டிவியில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். அன்றைக்கு அவர் மடித்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டே போனார். இரண்டு நாள் கழித்து லண்டனில் இருந்த உறவுக்காரர் போனில் ஷெல் விழுவது நிற்கவில்லை என்று சொல்லிவிட்டார். "மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்று முதல்வர் சொன்னதும் அந்த நாட்களில்தான். மே 12 அன்று முள்ளிவாய்க்கால் மருத்துவமனை மேல் ஷெல் விழுந்தது. மறுநாள் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011 இல் சொன்னது.

எதிரணியான அ.தி.மு.க. சும்மா இருக்கவில்லை. இந்திரா காந்தி வங்கதேசத்துக்குப் படை அனுப்பினாரே, அப்படி நாங்களும் அனுப்பி ஈழம் அமைப்போம் என்ற பேச்சு மே மாதத்தில் வந்தது. அதையும் நான்தான் கம்போஸ் செய்தேன். 39 எம்.பி. தொகுதி உள்ள ஒரு மாநிலத்துக் கட்சி இன்னொரு நாட்டுக்குப் படை அனுப்புவதாக வாக்குக் கொடுக்கிறது. அதைப் படிக்கிற யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை, எனக்கும்தான். ஏனென்றால் அந்த வாரம் எல்லோருக்கும் யாராவது எதையாவது செய்தால் போதும் என்றிருந்தது.

கட்சிகள் ஏன் இப்படி ஒரே நாளில் தாவுகின்றன என்பதற்குச் சில காரணங்கள் எனக்குப் படுகின்றன. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் ஆளும் கட்சி புதுத் திட்டம் எதையும் அறிவிக்க முடியாது. ஆனால் உண்ணாவிரதம் இருக்கலாம், அறிக்கை விடலாம், டெல்லிக்குக் கடிதம் எழுதலாம். வெளிநாட்டு விவகாரத்தில் கொடுத்த வாக்கை வாக்காளர் நேரில் போய்ச் சரிபார்க்கவும் முடியாது. குடிதண்ணீர் வந்ததா என்று குழாயைத் திருகிப் பார்க்கலாம், ஷெல் நின்றதா என்று சேலம் அம்மாபேட்டையில் இருந்துகொண்டு எப்படிப் பார்ப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, பேசாமல் இருந்தால் துரோகி என்று பெயர் வரும். இந்தப் பயத்தில்தான் பாதிப் பேச்சு வருகிறது.

இதில் தமிழ்நாட்டுக்கென்று தனிக் குணம் எதுவும் கிடையாது. 1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகள். அதிபர் கார்ட்டருக்கு அடுத்த ஆண்டு தேர்தல். கைதிகள் விவகாரம் முடியும்வரை ஊர் ஊராகப் பிரச்சாரத்துக்குப் போக மாட்டேன் என்று வெள்ளை மாளிகையிலேயே உட்கார்ந்துகொண்டார். முதலில் அது அவருக்கு லாபம். சொந்தக் கட்சிக்குள் எதிர்த்து நின்ற எட்வர்ட் கென்னடியோடு மேடை விவாதத்துக்கே போகவில்லை. 1980 ஏப்ரல் 1 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில் கட்சிக்குள் வாக்குப்பதிவு. அன்று காலை 7 மணிக்கே நிருபர்களைக் கூப்பிட்டு, ஈரானிலிருந்து நல்ல சேதி வந்திருக்கிறது என்றார். அன்று ஜெயித்தார். கைதிகள் வரவில்லை. அந்த மாதமே மீட்புக்குப் போன படை பாலைவனத்தில் விபத்தில் மாட்டி 8 வீரர்கள் இறந்தார்கள். நவம்பர் 4 அன்று பொதுத் தேர்தல். தூதரகம் பிடிபட்டுச் சரியாக ஒரு வருஷம். எதிர்க்கட்சி வேட்பாளர் ரேகன் அவரைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார். ரேகன் பதவியேற்ற சில நிமிஷத்தில் கைதிகளை விட்டார்கள்.

இதை நான் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அந்தக் காலை ஏழு மணி அறிவிப்பைப் படித்ததும் எனக்கு ஏப்ரல் 27 மதியம் மூன்று மணிதான் கண்முன் வந்தது. கார்ட்டர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன், கருணாநிதியையும் சொல்ல மாட்டேன். நல்ல சேதி வந்தது என்று இருவரும் நம்பியிருக்கலாம். ஆனால் தேர்தல் நெருங்கும்போது ஒரு சேதி உறுதியாகும்வரை காத்திருக்கிற பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. அரைகுறைச் சேதி நோட்டீஸாகிவிடுகிறது.

மாறாக நடந்ததும் உண்டு. 1956 நவம்பர் 6 அமெரிக்க அதிபர் தேர்தல். அதற்கு முந்தின வாரம்தான் இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் எகிப்தைத் தாக்கின. மூன்றும் அமெரிக்காவுக்கு வேண்டப்பட்ட நாடுகள், உள்நாட்டில் ஓட்டு போகலாம் என்ற பேச்சும் இருந்தது. அதிபர் ஐசனோவர் அவர்களை எதிர்த்தே நின்றார், தேர்தலிலும் ஜெயித்தார். அதே வாரம் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்குகள் நுழைந்தபோது அவரால் எதுவும் செய்ய முடியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் இன்னொன்று. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டில் நகராட்சி, மாநகராட்சித் தேர்தல் முடிவு வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது, ஆகவே இங்கே அது யாருக்கும் ஓட்டுப் பிரச்சினை இல்லை. உத்தரப் பிரதேசத்தில் மார்ச் 7 வரை வாக்குப்பதிவு இருந்தது. உக்ரைனிலிருந்து இந்திய மாணவர்களை மீட்டுவந்த "ஆபரேஷன் கங்கா" அங்கே பிரச்சார மேடைப் பேச்சாகவே ஆனது. ஒரே போர், ஒரே மாதிரி தவிக்கிற பெற்றோர். தேர்தல் தேதி மட்டும்தான் வேறு.

இனி ஓட்டு. 2009 இல் சேலத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தங்கபாலுவே வேட்பாளர். காங்கிரசைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஈழ ஆதரவாளர்கள் தீவிரமாக வேலை செய்தார்கள். போர்க் காட்சி சி.டி.க்கள் கைக்குக் கை மாறின. அ.தி.மு.க.வின் செம்மலை 46 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டில் ஜெயித்தார். ஈரோட்டில் இளங்கோவன், மயிலாடுதுறையில் மணிசங்கர் அய்யர் தோற்றார்கள். சிவகங்கையில் ப. சிதம்பரம் 3,354 ஓட்டில் தப்பினார். இதை மட்டும் பார்த்தால் ஈழம்தான் முடிவு செய்தது என்று தோன்றும். ஆனால் வாழ்நாளெல்லாம் ஈழத்துக்காகப் பேசிய வைகோ விருதுநகரில் தோற்றார். பா.ம.க. நின்ற எல்லா இடத்திலும் தோற்றது. மொத்தத்தில் 39 இல் 27 தி.மு.க. கூட்டணிக்குத்தான். மேற்கு மாவட்டங்களில் விழுந்த அடியில் மின்வெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர் எங்களுக்குப் பழைய வாடிக்கை. "ஈழத்துக்காகத்தான்பா மாத்திப் போட்டேன்" என்றார். அந்த மனிதர் ஒரு வருஷமாகக் கரண்ட் இல்லாமல் பாவு நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலும் உண்மை, ஈழத்து வேதனையும் உண்மை. கோபத்தில் இருக்கிறவனுக்கு இப்படி ஒரு நெருக்கடி, வெளியே சொல்லக்கூடிய கௌரவமான காரணத்தைத் தருகிறது. புதிய கோபத்தை அது பெரிதாக உண்டாக்குவதில்லை. இது என் கணிப்பு. 2024 இல் வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் முன்பு பா.ஜ.க.வினர் கச்சத்தீவைப் பெரிதாகக் கிளப்பினார்கள், அவர்களுக்கு இங்கே ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. ஓட்டாக மாற, அந்தக் கோபம் ஏற்கெனவே நம் ஊரில் இருந்திருக்க வேண்டும்; அது இருக்கவில்லை.

ஒரு கட்சி சொல்வதை நம்பலாமா என்று நான் பார்க்கிற விதம் இது: ஓட்டு எண்ணி முடித்த பிறகு அதே விஷயத்தை அவர்கள் தொடுகிறார்களா? அந்தக் கணக்கில் 2009 இன் இரண்டு அணியையும் ஒரேயடியாக ஒதுக்க முடியாது. இலங்கை மீது பொருளாதாரத் தடை வேண்டும் என்று 2011 இல் சட்டமன்றத்தில் ஜெயலலிதா தீர்மானம் கொண்டுவந்தார். 2013 இல் இதே பிரச்சினையில் தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது. இரண்டுமே காலம் கடந்த பிறகுதான், இருந்தாலும் செய்தார்கள்.

மே 16 முடிவு வந்தது. 18, 19 தேதிகளில் போர் முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் அச்சகத்தில் விநியோகமாகாத நோட்டீஸ் இரண்டு கட்டு கிடந்தது. தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், முகவரி போடாமல் அடிக்கக் கூடாது, சட்டம். அதனால் மிச்சத்தை வெளியே எறிய முதலாளி விடமாட்டார். பில் புக்குக்கு அட்டை கொடுக்க வைத்திருந்தார். ஒரு பக்க அச்சு, பின்பக்கம் வெள்ளை.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்த அக்கா, அதில் ஒரு தாளை எடுத்துப் பின்பக்கத்தில் எதையோ எழுதி என் மேசையில் வைத்தார். அவருடைய அக்கா பெயர், மூன்று பிள்ளைகள் பெயர், வயது, கடைசியாக இருந்த இடம். செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் சனத்தை அடைத்து வைத்திருக்கிறார்களாம், அங்கே தேடச் சொல்லி அனுப்ப வேண்டும், ஒழுங்காக டைப் செய்து தர முடியுமா என்று கேட்டார். செய்து கொடுத்தேன். அவருடைய அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருப்பதாக ஜூலையில் பதில் வந்தது.